அம்மனுக்குப் பின்னால் கயிறு பிடித்தவன்

எங்கள் ஓசூரில் ஒருவர் மேல் நமக்கு மரியாதை இருக்கிறது என்று வாயால் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஃப்ளெக்ஸ் வைக்க வேண்டும். காது குத்துக்கு ஃப்ளெக்ஸ், கிரகப்பிரவேசத்துக்கு ஃப்ளெக்ஸ், பையன் பாலிடெக்னிக் முடித்தால் அதற்கும் ஃப்ளெக்ஸ். என் மகளின் காது குத்துக்கு வைத்த ஃப்ளெக்ஸில் தாய்மாமன் முகம் எலுமிச்சம்பழ அளவுக்குத்தான் வந்திருந்தது. யார் மடியில் குழந்தை உட்கார்ந்து காது குத்திக்கொண்டதோ, அந்த மனிதருக்கு எலுமிச்சம்பழம். என் மச்சான் சாப்பிடாமல் எழுந்து போனார். அதன் பிறகு வந்த பொங்கலுக்குச் சீரும் வரவில்லை, அவரும் வரவில்லை.

அன்றைக்கே முருகன் படத்துக்கு முன்னால் நின்று ஒரு முடிவெடுத்தேன். இனி என் கையால் வைக்கிற ஃப்ளெக்ஸில் யாருக்கு மரியாதையோ, அவர் முகம் தேர்ச்சக்கரம் அளவுக்கு இருக்கும். (அந்தப் புத்தி அப்போதே வராமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.)

நான் பத்தாவது வரை படித்தவன். ஒரு கம்பெனியில் பேக்கிங் பகுதியில் பெட்டி தூக்கித் தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகு, ஒரு சங்கத்தின் அலுவலகத்தில் உதவியாளாகச் சேர்ந்தேன். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரே ஓர் அறை. அறை சின்னது, பெயர் பெரியது. குற்றச்செயல்களால் பாதிக்கப்பட்டோருக்கான உதவி நிதி நிர்வாகப் பணியாளர் சங்கம். ரப்பர் ஸ்டாம்பு செய்கிறவர் இதைப் படித்துவிட்டு, "பாதி மேல, பாதி அடில போட்டுக்கலாங்களா" என்று கேட்டார். என் மாமியார் அந்தச் சிரமமெல்லாம் படவில்லை. "அடிபட்டவங்க சங்கம்" என்று சுருக்கிவிட்டார்.

உண்மையில் அது அடிபட்டவர்கள் சங்கம் அல்ல. ஒருவரை யாரோ வெட்டிவிட்டார்கள், அடித்துவிட்டார்கள் என்றால், அவருடைய வைத்தியத்துக்கும் பிழைப்புக்கும் அரசாங்கம் ஒரு நிதி வைத்திருக்கிறது. அது அவர் கைக்குப் போய்ச் சேரும்வரை ஒவ்வொரு மாவட்டத்திலும் மனுவோடு மல்லுக்கட்டுகிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கான சங்கம் இது. விதி மாறினால் சொல்லிக்கொடுப்பார்கள், புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்குப் பயிற்சி வைப்பார்கள். சந்தேகம் கேட்டுப் போன் வந்துகொண்டே இருக்கும். "அடிபட்டது அத்திப்பள்ளில, வீடு ஓசூர்ல, வைத்தியம் பெங்களூர்ல. எந்த ஊர் ஆபீஸ்ல மனு குடுக்கறதுங்க?" எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி தினம் வரும். நாள் முழுக்க அடுத்தவர் வேதனையைப் படித்துவிட்டு, இரவு சோறு இறங்கவில்லை என்று சொல்கிற உறுப்பினர்களும் வருவார்கள். அவர்களுக்கு நான் டீ போட்டுக் கொடுப்பேன். எனக்குத் தெரிந்த ஆறுதல் அதுதான். கூடவே கொஞ்சம் விபூதி.

நான்கைந்து வருடங்களுக்கு முன்னால் ஓர் ஆடி மாதம், சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தை ஓசூரிலேயே வைப்பதென்று முடிவானது. பாகலூர் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். தமிழ்நாட்டு உறுப்பினர்களோடு கர்நாடகத்திலிருந்தும் ஆட்கள் வருவதாக ஏற்பாடு. செயலாளர் மேகலா மேடம் கிருஷ்ணகிரிக்காரர், யாரையும் கடிந்து பேசாதவர். அவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "குமரேசன், இந்த வருஷம் நிதி வாங்கின ஒரு அம்மாவே வந்து பேசப்போறாங்க. எங்க தாமதமாச்சு, யார் பேச்சு வலிச்சுது, எல்லாத்தையும் நம்மகிட்டயே சொல்லப்போறாங்க. அவங்களுக்கு நல்லபடியா மரியாதை பண்ணணும்."

மரியாதை என்ற சொல் காதில் விழுந்ததுமே என் கண்ணுக்குள் மச்சானின் எலுமிச்சம்பழ முகம் வந்துவிட்டது.

அந்த அம்மாவுக்கு மூன்று நிபந்தனைகள் இருந்தன. பெயர் வெளியே வரக்கூடாது, படம் வரக்கூடாது, பக்கவாட்டு கேட் வழியாகத்தான் உள்ளே வருவார். மேடம் இதைச் செயற்குழுவில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். அந்த நேரத்தில் நான் செயற்குழுவுக்கு பஜ்ஜி வாங்கக் கீழே போயிருந்தேன்.

அவரை நான் இங்கே அக்கா என்று மட்டும் சொல்கிறேன். ஷிஃப்ட் முடிந்து வந்துகொண்டிருந்தவரை இரண்டு பேர் நகைக்காகத் தலையில் அடித்துப் போட்டுவிட்டார்கள். அக்கா பிழைத்து எழுந்து, அந்த இரண்டு பேரையும் அடையாளம் காட்டினார். அவர்கள் ஜாமீனில் வெளியே வந்து அவருடைய பழைய வீட்டில் போய் விசாரித்திருக்கிறார்கள். அதனால் அக்கா ஊரை மாற்றிக்கொண்டு, முந்தானையால் முகத்தை மூடித்தான் தெருவில் நடப்பார். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. முன்னால் தெரிந்தது, மண்டபத்து நுழைவு அட்டைக்காக அவர் ஆபீஸ் போனுக்குப் பெயர், கம்பெனி விவரத்தோடு ஒரு படம் அனுப்பியிருந்தார் என்பதுதான். அந்த ஆபீஸ் போன் என் சட்டைப் பையில் இருந்தது.

அதை அப்படியே மஞ்சுவுக்கு அனுப்பிவிட்டேன். மஞ்சு ஃப்ளெக்ஸ் கடைக்காரன், கன்னடத்துப் பையன், என்மேல் பாசமானவன். "எந்தச் சைஸ்ல அண்ணா?" என்றான். "தேர்ச்சக்கரம்" என்றேன்.

கூட்டத்தன்று ஆடி வெள்ளி. விடிந்ததும் மண்டபத்து போர்டிகோவுக்கு முன்னால் சவுக்குக் கம்பு நட்டு, கம்பியால் இறுக்கிக் கட்டி ஃப்ளெக்ஸை நிறுத்தினோம். பார்க்கப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது. சங்கத் தலைவர் ஐயாவும் மேடமும் மேல் மூலையில் எலுமிச்சம்பழம். நடுவில் அக்கா. மஞ்சு அவரைக் கொஞ்சம் சிவப்பாக்கி, பின்னால் ஓர் அரண்மனையும் இரண்டு அருவிகளும் போட்டிருந்தான். மேலே, 'சிறப்பு விருந்தினராக வருகை தரும்'. கீழே அவர் பெயர், வேலை செய்யும் கம்பெனி. அதற்கும் கீழே நானே யோசித்து எழுதிய வரி. 'அடிபட்டும் அஞ்சாத வீரத்தாயே வருக வருக'.

மஞ்சு ஏணியையும் தன் சாமான்களையும் வண்டியில் ஏற்றி, அடுத்த வேலைக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளிக்கு அனுப்பிவிட்டான். நான் ஃப்ளெக்ஸுக்கு ஒரு சூடம் காட்டினேன். அப்போதுதான் மேடத்தின் போன் வந்தது.

"குமரேசன், டோல்கேட் தாண்டிட்டோம். எல்லாம் சரியா இருக்கா?"

"ஜோரா இருக்குதுங்க மேடம். நீங்க வந்து பாக்கணும்."

"சரி. அந்த அம்மா விஷயம் ஞாபகம் இருக்கில்ல? பேரோ படமோ ஒரு சின்ன காகிதத்துல கூட இருக்கக்கூடாது. அந்த ஆளுங்க இன்னும் அவங்கள தேடிகிட்டு இருக்கானுங்க. அவங்க உசுரு நம்ம கையில இருக்கு."

நான் ஃப்ளெக்ஸைப் பார்த்தேன். அக்கா அரண்மனைக்கு முன்னால் நின்று என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"குமரேசன், இருக்கீங்களா?"

"இருக்கேனுங்க" என்றேன். அது எவ்வளவு உண்மை என்று எனக்கே தெரியவில்லை.

முதலில் கிழித்துவிடலாம் என்று பார்த்தேன். கை எட்டவில்லை. ஒட்டடைக் கம்பு ஒன்றைத் தேடி எடுத்து வந்து குத்தினேன். நல்ல தடிமனான சரக்கு, மஞ்சு எனக்காகவே விசேஷமாகப் போட்டது. தலைவர் ஐயாவின் மூக்கில் மட்டும் ஓர் ஓட்டை விழுந்தது. சாணி கரைத்து அடிக்கலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. ஏற்கெனவே அடிபட்ட ஒரு பெண்ணின் முகத்தில் என் கையால் சாணி அடிக்க மனம் வரவில்லை. முருகா, என்னை என்ன வேண்டுமானாலும் செய், அந்தப் பிள்ளையை மட்டும் மறைத்துவிடு என்று வேண்டிக்கொண்டு மஞ்சுவுக்குப் போன் போட்டேன்.

"பேஜார் ஆகபேடி அண்ணா" என்றான் மஞ்சு, கவலைப்படாதே என்று. "ஏணியும் கட்டிங் பிளேயரும் அத்திப்பள்ளில இருக்கு. கழட்ட முடியாது. மூடிடலாம். கடைல யாரோ வாங்காம போன பெரிய ஃப்ளெக்ஸ் ரெண்டு கிடக்குது."

"என்ன ஃப்ளெக்ஸுப்பா?"

"ஒண்ணு கண்ணீர் அஞ்சலி."

"இன்னொண்ணு?"

"மாரியம்மன். கோயில் கமிட்டில சண்ட வந்து திருவிழா நின்னுபோச்சு."

மாரியம்மனைக் கொண்டுவரச் சொன்னேன். போர்டிகோ மேல் ஏறி, அம்மனை மேலிருந்து கீழே இறக்கி, அக்காவின் முகம், பெயர், கம்பெனி எல்லாவற்றையும் மறைத்தோம். கச்சிதமாக மறைந்தது. ஆனால் கயிறு குட்டை. மேலே கட்டுவதற்குக் கம்பியோ கொக்கியோ இல்லை, வழவழவென்று சுவர். "ஸ்வல்ப புடிச்சிக்கோ அண்ணா, நான் போய் பிளேயர் எடுத்துக்கிட்டு ஓடியாரேன்" என்று இரண்டு கயிற்று நுனிகளையும் என் இரண்டு கைகளில் கொடுத்துவிட்டு மஞ்சு கிளம்பினான். எல்லைச் செக்போஸ்ட்டில் டிராஃபிக் எப்படி இருக்கும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கீழிருந்து பார்க்கிறவர்களுக்கு இப்போது என்ன தெரிந்தது என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மேலே, 'சிறப்பு விருந்தினராக வருகை தரும்'. நடுவில் சிங்கத்தோடு மாரியம்மன். கீழே, 'அடிபட்டும் அஞ்சாத வீரத்தாயே வருக வருக'. உச்சியில் இரண்டு கைகளையும் விரித்தபடி நெற்றி நிறைய விபூதியோடு என் தலை. ஆடி வெள்ளி வேறு.

முதலில் ஒரு பால்காரர் வண்டியை நிறுத்திக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடுத்து கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்த பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள். யாரோ சூடம் ஏற்றினார்கள், யாரோ எலுமிச்சம்பழம் வைத்தார்கள். மூலையில் பூ விற்கும் ரத்னம்மா கூடையோடு இடம் மாறி வந்து அம்மன் காலடியிலேயே கடையைப் போட்டுவிட்டார். நான் மேலிருந்து, "போங்கம்மா, இது கோயில் இல்லைங்க" என்று கத்தினேன். வண்டிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஒரு பெண் மட்டும் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

அந்த நேரம் பார்த்து என் பையில் போன் அடித்தது. என் ரிங்டோன் அம்மன் பாட்டு. உடுக்கைச் சத்தத்தோடு ஆரம்பிக்கும். இரண்டு கைகளிலும் கயிறு, எடுக்க முடியாது. அம்மன் படத்துக்குப் பின்னாலிருந்து பாட்டு வந்ததும் கீழே குலவை போட ஆரம்பித்துவிட்டார்கள். சூளகிரி தாண்டியதும் மேடம் ஒருமுறை கூப்பிட்டார், பேரண்டப்பள்ளி வந்ததும் மறுபடி கூப்பிட்டார். மேடம் கூப்பிடக் கூப்பிட கீழே பக்தி கூடிக்கொண்டே போனது.

மூன்றாவது முறை உடுக்கை அடித்தபோது ரத்னம்மாவுக்கு அருள் வந்துவிட்டது. தலையை விரித்துப்போட்டு, வேப்பிலையை ஓங்கி, தெலுங்கும் தமிழுமாக ஆட ஆரம்பித்தார்.

"எவர்ரா அதி? என் பின்னாடி எவண்டா ஒளிஞ்சிகினு இருக்கறவன்?"

எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. ரத்னம்மாவுக்கு என்னைத் தெரியும், நான் அங்கே இருப்பதையும் பார்த்திருப்பார் என்றெல்லாம் இன்றைக்கு யோசிக்கலாம். அன்றைக்கு அம்மனே கேட்கிறாள் என்றுதான் எனக்குப் பட்டது.

"நான்தான் தாயே" என்றேன். "குமரேசன்."

ரத்னம்மா வேப்பிலையை என் பக்கம் நீட்டினார்.

"என்னாடா மறைச்ச?"

"தெரியாம பண்ணிட்டேன் தாயே. மஞ்சு வந்ததும் கழட்டிடறேன்."

சரியாக அந்தக் கட்டத்தில்தான் தலைவர் ஐயாவின் கார் வந்து நின்றது, மேடமும் அதில்தான் வந்தார். ஐயா பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். இறங்கினார், கூட்டத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் ஷூவைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்று குங்குமம் வாங்கிக்கொண்டார். தன் மூக்கில் இருந்த ஓட்டையை அவர் கவனிக்கவில்லை. மேகலா மேடம் மட்டும் அசையாமல் நின்றார். ஃப்ளெக்ஸின் மேல் வரியைப் படித்தார், அம்மனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கயிற்றோடு சேர்த்து ஒரு கும்பிடு போட முயன்றேன். மேடத்துக்குப் புரிந்துவிட்டது. கைப்பையிலிருந்து போனை எடுத்தார். என் பையில் உடுக்கை அடித்தது.

இப்படி இருக்கும்போது ஓர் ஆட்டோ வந்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அக்கா இறங்கினார். பக்கவாட்டு கேட்டுக்குப் போக வழியில்லை, கூட்டம் அடைத்துக்கொண்டு நின்றது. அம்மனைப் பார்த்ததும் அவரும் செருப்பைக் கழற்றினார். முன்னால் வந்து, முந்தானையைக் கொஞ்சம் விலக்கி, கண்ணை மூடிக் கும்பிட்டார். தன் முகத்துக்கு முன்னால் தானே நின்று, என்னைக் காப்பாத்து தாயே என்று வேண்டிக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கண்ணைத் துடைக்கக் கை இல்லை. உள்ளங்கை வேர்வையில் கயிறு வழுக்கியது. அம்மன் மெதுவாகக் கீழே இறங்க ஆரம்பித்தாள். கிரீடத்துக்கு மேலே முதலில் அரண்மனைக் கோபுரம் தெரிந்தது. பிறகு வகிடு. பிறகு நெற்றி. பிறகு, தேர்ச்சக்கரம் அளவுக்கு நான் கேட்டு வாங்கிய இரண்டு கண்கள்.

அக்கா கண்ணைத் திறந்தார்.

மேலேயும் அவரே, கீழேயும் அவரே. அரண்மனையைப் பார்த்தார், அருவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இவர் அலறப்போகிறார், அல்லது ஓடிப்போகப்போகிறார், இந்த ஊரையும் மாற்றிக்கொள்ளப்போகிறார், எல்லாம் என்னால் என்று நினைத்துக்கொண்டேன். அக்கா முந்தானையை மறுபடி இழுத்து மூடிக்கொண்டு, காய்கறிக்காரரிடம் பேசுகிற குரலில் சொன்னார்.

"அண்ணா, அம்மன் கீழ எறங்குது. தூக்கிப் புடிங்க."

சொல்லிவிட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "பாத்துகினு நிக்கறீங்களே, கீழயிருந்து ஆளுக்கு ஒரு கை குடுங்க."

உடனே பத்துப் பதினைந்து கைகள் அம்மனின் அடியைப் பிடித்து மேலே தள்ளின. பல்லக்குத் தூக்குகிற மாதிரி "ஓம் சக்தி" என்று ஒரே குரல். தலைவர் ஐயாவும் தள்ளினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். கண் மறைந்தது, நெற்றி மறைந்தது, வகிடு மறைந்தது. அத்தனை பேரும் அம்மன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்காவை ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மேடம் அவர் தோளைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனார்.

அக்கா உள்ளே பேசியதை நான் கேட்கவில்லை. கயிறு பிடித்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாகக் கைதட்டல் மட்டும் வந்தது, ரொம்ப நேரம் வந்தது. அது முடிந்து வெகுநேரம் கழித்துத்தான் மஞ்சு வந்தான். இரண்டு ஃப்ளெக்ஸையும் இறக்கிச் சுருட்டினோம். என் கைகள் மடங்க மறுத்தன. பந்தியில் உட்கார்ந்தால் எப்படிச் சாப்பிடுவது என்று போர்டிகோ மேலேயே உட்கார்ந்திருந்தபோது, படியேறி அக்கா வந்தார், கையில் கேசரித் தட்டோடு.

"மன்னிச்சிடுங்கம்மா" என்றேன். "மரியாதை பண்ணணும்னு சொன்னாங்க. எனக்குத் தெரிஞ்ச மரியாதை இதுதாங்க. விடிஞ்சதுலேர்ந்து கொஞ்ச நேரம் உங்க மூஞ்சி ரோட்டுல இருந்துச்சு. அந்த ஆளுங்க பாத்திருந்தா?"

அக்கா கேசரித் தட்டைக் கீழே வைத்தார். "அவனுங்களா? உச்சி வெயிலுக்கு முன்ன எந்திரிக்கற ஆளுங்க இல்லைண்ணா" என்றார். பிறகு சுருட்டி வைத்திருந்த தன் ஃப்ளெக்ஸைக் காலால் லேசாகத் தொட்டார். "இது எனக்குக் குடுங்க."

"எரிக்கறதுக்குங்களா?"

"சமையல்கட்டு ஓட்டுல தண்ணி ஒழுகுது. மேல போட்டுக்கறேன். வெள்ளப் பக்கம் வெளிய, என் மூஞ்சி உள்ள. சோறாக்கும்போது அண்ணாந்து பாத்துக்குவேன்." கேசரியை என் பக்கம் தள்ளினார். "அடிபட்டதுக்கு அப்புறம் கண்ணாடி பாக்கவே புடிக்காம இருந்துச்சு. நீங்க என்னடான்னா அரண்மனை எல்லாம் வெச்சிருக்கீங்க."

மேடம் என்னைத் திட்டவில்லை. அன்று மாலை எதிரே உட்கார்ந்து, நிபந்தனைகள் மூன்றையும் விளக்கமாகச் சொன்னார். அதன்பின் எந்தச் செயற்குழுவிலும் பஜ்ஜி வருவதற்கு முன்னால் முக்கியமான விஷயத்தைப் பேசுவதில்லை. கூட்டங்களுக்கு ஃப்ளெக்ஸும் கிடையாது. மாரியம்மனைக் கோயில் கமிட்டி சமாதானமானதும் வந்து வாங்கிக்கொண்டது. அந்த இரண்டு பேருக்கும் பிறகு தண்டனை ஆனது. அன்றைக்கு அம்மன் வந்துதான் மறைத்தாள் என்று நான் நம்புகிறேன். ரத்னம்மாவும் அப்படித்தான் சொல்கிறார், ஆனால் அன்றைக்குத் தான் என்னைக் கேட்ட கேள்விகள் எதுவும் ஞாபகமில்லை என்று சிரிக்காமல் சொல்கிறார்.

வீட்டில்தான் தப்பிக்க முடியவில்லை. விருந்தாளி வரும்போது துணி மடிக்காமல் கிடந்தால், என் மனைவி செல்வி அதன்மேல் ஒரு போர்வையைப் போட்டுவிட்டு, "ஏங்க, வந்து கயிறு புடிங்க" என்பாள். என் போன் அடித்தால் பிள்ளைகள் குலவை போடுகிறார்கள். ரிங்டோனை மாற்றலாம் என்று பார்த்தேன். அம்மனுக்குக் கோபம் வரும் என்று செல்வி விடவில்லை.

போன தை மாதம் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்திருந்தார்கள். (நான் கேட்டுக்கொண்டபடி மச்சான் முகம் தேர்ச்சக்கரம். நேரில் நின்று சரிபார்த்துவிட்டுத்தான் ஒப்புதல் கொடுத்தார்.) அக்கா வந்தார். முந்தானை தோளில் இருந்தது, தலையில் பூ. நான் கை கூப்பிக்கொண்டு போனேன். அவர் என்னைத் தாண்டிப் போய், ஃப்ளெக்ஸைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"என்னம்மா தேடறீங்க?"

"ஒண்ணுமில்லைண்ணா. பின்னாடி யாரு கயிறு புடிச்சிகினு நிக்கறாங்கன்னு பாத்தேன்."

செல்வி சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சம்பந்தியம்மா ஒன்றும் புரியாமல் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "வாங்க சம்பந்தி, பந்தில உக்காந்து சொல்றேன். இவரு ஒரு தடவை மாரியம்மனையே சங்கக் கூட்டத்துக்குச் சிறப்பு விருந்தாளியா கூட்டிட்டு வந்தாரு" என்று ஆரம்பித்தாள் செல்வி. பாயசம் பரிமாறுகிற சாக்கில் நான் சமையல்கட்டுப் பக்கம் நழுவினேன். வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வருவதற்குள், மாப்பிள்ளை வீட்டுப் பந்தி முழுவதும் குலவை போட்டுக்கொண்டிருந்தது.